தீ ஒரு கூறு, அணில் ஒரு கூறு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போகும்போது இடப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால், வழி நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை உங்களுடனேயே வருவதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பச்சைப் பசேலென்று இருக்கும் அதே சரிவுகள் மாசி, பங்குனியில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். அந்த மலைக் காட்டில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைவிடப் பல மடங்கு பெரியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படுவது. இதற்காகவே 1988-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. 2021-ல் மேகமலைச் சரணாலயமும் அதனோடு சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் ஆயிற்று.

இந்த அணில் தரைக்கு இறங்குவது மிக அரிது. மரத்துக்கு மரம், கிளைக்குக் கிளை தாவியே அதன் வாழ்க்கை நடக்கிறது. கூட்டைக்கூடப் பக்கத்து மரத்தின் கிளைகள் வந்து தொடும் மரங்களில்தான் கட்டும். ஆபத்து வந்தால் தப்பி ஓட வழி வேண்டுமல்லவா? ஆகவே மரங்களின் உச்சிகள் கைகோத்து நிற்பதுதான் அதற்குத் தெரு, சந்தை, பாலம் எல்லாம்.

இப்போது ஒரு கேள்வி. கோடையில் காட்டின் ஒரு பகுதியில் தீப்பிடித்தால் இந்த அணிலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

இயற்பியலில் ஒரு சந்தேகம் வந்தால் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கிறோம். ஊசலின் நீளத்தைக் கூட்டினால் அலைவு நேரம் என்ன ஆகும் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுவிடலாம். காட்டைக் கொளுத்தி அணிலை எண்ணிப் பார்க்க முடியுமா? 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். காட்டுத் தீ சோதனைப் பொருள் அன்று. எனவே விஞ்ஞானிகள் வேறு வழி தேடினார்கள். காட்டுக்குப் பதில் ஒரு படம், தீக்குப் பதில் சில விதிகள், கணிப்பொறிக்குள் ஒரு 'பாவனைக் காடு'. இதையே ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்கிறார்கள். உருவகப்படுத்துதல் என்று தமிழில் எழுதுவாரும் உண்டு. எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் நீளமாகப் படுகிறது. இக்கட்டுரையில் 'பாவனை' என்றே சொல்லுவோம்.

தாயக்கட்டையும் கட்டம் போட்ட தாளும்

கணிப்பொறி இல்லாமலே இதைத் தொடங்கலாம். ஒரு கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்களை எல்லை கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு துண்டுக் காடு. நடுவில் ஒரு கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் தீ வையுங்கள். எரியும் கட்டத்தின் மேல், கீழ், வலம், இடம் ஆகிய நான்கு பக்கங்களிலும் எரியாத கட்டம் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை ஆறு முகப் பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் தீ அங்கே தாவும். மற்ற எண்கள் விழுந்தால் தாவாது. நான்கு பக்கமும் பார்த்து முடிந்ததும் முதல் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, புதிதாய் எரியும் கட்டங்களுக்குப் போங்கள். எரிவதற்கு ஒன்றும் இல்லாதபோது ஆட்டம் முடிந்தது.

இந்த ஆட்டத்தில் தீ பெரும்பாலும் சில கட்டங்களிலேயே அணைந்துபோகும். ஏன்? புதிதாகத் தீப்பிடித்த ஒரு கட்டத்தைச் சுற்றி, தீ வந்த பக்கம் போக, அதிகம் போனால் மூன்று பக்கம்தான் மீதி. தாவும் நிகழ்தகவு மூன்றில் ஒன்று. 3 × 1/3 = 1. அந்த மூன்றிலும் சில முன்பே கருகியிருக்கும் என்பதால், ஒரு தீ சராசரியாக ஒன்றுக்கும் குறைவான புதுத் தீயையே பெற்றெடுக்கிறது. அப்படிப்பட்ட வம்சம் நீடிக்காது. விதியை மாற்றி, 1 முதல் 4 வரை எது விழுந்தாலும் தாவும் என்று வைத்துப் பாருங்கள். இப்போது நிகழ்தகவு மூன்றில் இரண்டு. ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் தீ தாளின் ஓரம் வரை ஓடிவிடும்.

இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு எல்லை இருக்கவேண்டும். முடிவில்லாத சதுரக் கட்டப் பலகைக்கு அந்த எல்லை சரியாக 1/2 என்று ஹாரி கெஸ்டன் என்ற கணித அறிஞர் 1980-ல் நிறுவினார். எரிவது சற்றே எளிதானால் போதும், சிறு தீ பெருந்தீயாகிவிடும் என்பதை இந்த ஒரு எண் காட்டிவிடுகிறது. பகடையை உருட்டி விளையாடிய நீங்கள் அதன் வாசலில் நின்றிருக்கிறீர்கள்!

இனி அணிலுக்கு வருவோம். தீயாட்டம் முடிந்த தாளை உங்கள் நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் ராஜபாளையத்திலும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் பகடையை எப்படி உருட்டினீர்கள், எத்தனை நேரம் எடுத்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எந்தக் கட்டம் கறுப்பு, எந்தக் கட்டம் வெள்ளை என்ற படம் மட்டும் போதும். அவருடைய விதி இது: அணில் பக்கத்து வெள்ளைக் கட்டத்துக்கு மட்டும் தாவும், கறுப்பில் கால் வைக்காது. அப்படியானால் அது எத்தனை கட்டங்களுக்குப் போக முடியும்?

பத்துக் கட்டங்கள் ஒரு மூலையில் கூட்டமாய் எரிந்திருந்தால் மீதித் தொண்ணூறும் அணிலுக்குத்தான். அதே பத்துக் கட்டங்கள் ஐந்தாம் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக எரிந்திருந்தால்? இடப்பக்கம் நாற்பது, வலப்பக்கம் ஐம்பது. இடப்பக்கம் அகப்பட்ட அணிலுக்கு மிஞ்சியது நாற்பதே. எரிந்தது பத்து, இழந்தது அறுபது! தீயை மட்டும் ஆராய்ந்தவர் "பத்து விழுக்காடுதான் சேதம்" என்று எழுதியிருப்பார். அணிலை மட்டும் ஆராய்ந்தவருக்குத் தீயின் கோடு தெரிந்திராது. இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்த பிறகே அந்த அறுபது கண்ணில் படுகிறது.

கூறுகளாகப் பிரிப்பதன் அவசியம் இங்கேதான். தீயை அறிந்தவர் ஒருவர், விலங்கை அறிந்தவர் மற்றொருவர், மழையை அறிந்தவர் வேறொருவர். மூன்றையும் கரைத்துக் குடித்த ஒருவர் கிடைக்கும்வரை காத்திருந்தால் காடு காத்திருக்காது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை ஒரு கூறாகச் செய்து, மற்றவர் கூறோடு பொருந்தும்படி கொடுக்கவேண்டும். இதற்கு 'மாட்யூல்' என்று பெயர்.

நூலும் நெசவும்

பொருந்தும்படி என்றால் என்ன? ராஜபாளையத்து மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊரில் நூற்பாலைகள் இருக்கின்றன, பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். நெய்பவர் ஆலைக்குள் போய்ப் பஞ்சு நூலாவதைப் பார்த்துவிட்டா வாங்குகிறார்? "இத்தனையாம் நம்பர் நூல்" என்கிறார், அவ்வளவுதான். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர். அந்த எண் இரு தரப்புக்கும் ஒரே பொருள் தருவதால், நூற்றவரும் நெய்தவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே துணி உருவாகிறது.

பாவனைக் கூறுகளுக்கும் இப்படி ஒரு நம்பர் வேண்டும் என்று எண்ணியவர்களில், கனடா நாட்டு வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் எலியட் மக்இன்டயர், அலெக்ஸ் சுபாட்டி ஆகியோரும் அவர்களுடைய துணைவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் உருவாக்கிய தொகுப்பின் பெயர் 'ஸ்பேட்ஸ்'. 'இடம் சார்ந்த, தனித்தனி நிகழ்ச்சிகளால் ஆன பாவனை' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. 'ஆர்' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. ஆர் மொழியை 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு ஆசிரியர்கள் படைத்தார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து 'ஆர்'. மொழிக்கும் அதுவே பெயராயிற்று. காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உலகெங்கும் உள்ளவர்கள் இம்மொழியில் எழுதி வைத்த தொகுப்புகளுக்கென்று 1997 முதல் ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. இன்று அதில் 20,000-க்கு மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன.

ஸ்பேட்ஸில் புதிய கூறு ஒன்று வேண்டும் என்று கட்டளை கொடுத்தால், அது ஒரு கோப்புறையைத் திறந்து, அதற்குள் நிரலுக்கு ஓர் ஏடு, விளக்கவுரைக்கு ஓர் ஏடு, தரவுகளுக்கு ஓர் இடம், சோதனைகளுக்கு ஓர் இடம் என்று வைத்துத் தருகிறது. நிரல் ஏட்டின் தலைப்பகுதிதான் முக்கியம். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் போன்றது அது. கூறின் பெயர், செய்தவர் பெயர், இது எத்தனையாவது திருத்தம், காலத்தை நாளில் எண்ணுகிறதா ஆண்டில் எண்ணுகிறதா, வெளியிலிருந்து என்ன வாங்கும், வெளியே என்ன கொடுக்கும் என்பவற்றை அதில் எழுதவேண்டும். நம் ஆட்டத்தில் '1 அல்லது 2 விழுந்தால்' என்றோமே, அதுபோல விருப்பப்படி மாற்றத்தக்க எண்களும் அங்கே வரும். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான மதிப்பு, மிகக் குறைந்த மதிப்பு, மிக அதிக மதிப்பு ஆகிய மூன்றுக்கும் இடம் உண்டு.

பல கூறுகளை ஒரே கூரையின்கீழ் ஓட்டும்போது யார் முதலில், யார் பிறகு என்ற சண்டை வருமல்லவா? அதற்கு ஸ்பேட்ஸ் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. 'நாள் 75, தீக் கூறு, பற்றவை' என்றும், 'நாள் 90, அணில் கூறு, நகர்' என்றும், 'நாள் 300, மழைக் கூறு, பெய்' என்றும் வரிசையாக எழுதியிருக்கும். கடிகாரம் ஒவ்வொரு விநாடியாக ஓடுவதில்லை. 75-ஆம் நாள் வேலை முடிந்ததும் நேரே 90-க்குத் தாவிவிடும். இடையில் ஒன்றும் நடக்காத நாட்களைக் கணக்கிட்டு நேரத்தை வீணாக்குவானேன்? ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் வேலை முடிந்ததும், 'நான் அடுத்து வருவது இன்ன நாள்' என்று தானே அந்தக் குறிப்பில் எழுதிவிட்டுப் போகும். தீக் கூறு ஆண்டில் எண்ணி, அணில் கூறு நாளில் எண்ணினாலும், சீட்டில் எழுதியிருப்பதால் ஸ்பேட்ஸே மாற்றிக்கொள்கிறது.

சொல்லிக் கொடுப்பதற்காக அவர்கள் செய்து வைத்த மாதிரிக் கூறுகளில் ஒன்று கற்பனை நிலப்படம் வரைகிறது, ஒன்று தீ பரப்புகிறது, ஒன்று கரிபு என்ற வடநாட்டு மான் இனத்தை நடமாட விடுகிறது. மானை எடுத்துவிட்டு அணிலை வைத்தால்? வைக்கலாம். கூறுகள் செய்வதன் பயனே அதுதான். ஆனால் அங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது.

ராக்கெட்டும் பழைய கூறும்

1996 ஜூன் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பிய நாடுகளின் 'ஏரியான்-5' ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. நாற்பது விநாடிகளுக்குள் வழி தவறித் திரும்பி, வானில் சிதறியது. காரணம், முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துப் பொருத்திய ஒரு நிரல் கூறு. ஏரியான்-4-ல் அது குறையின்றி வேலை செய்த கூறுதான். கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் முழு எண்ணாக மாற்றிக்கொள்ளும். அந்த அளவுக்குள் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எல்லையைத் தாண்ட வாய்ப்பே இல்லை. புதிய ராக்கெட் பக்கவாட்டில் அதைவிட விரைவாக வேகம் பிடித்தது. எண் எல்லை மீறியது, வழிகாட்டும் கருவி செயலிழந்தது. கொடுமை என்னவென்றால், புதிய ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை!

மிக அதிக மதிப்பு என்று ஒரு இடம் சீட்டில் ஏன் இருக்கிறது என்பது இப்போது விளங்கியிருக்கும். 'இந்தக் கூறு இந்த எல்லைக்குள்தான் செல்லும்' என்பதும் கூறின் ஒரு பகுதியே. நன்றாக ஓடிய நிரல் என்ற நற்சான்று, அது ஓடிய இடத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

நம் காட்டுக்குத் திரும்புவோம். கனடாவின் வடபகுதிக் காடுகளில் ஊசியிலை மரங்கள் நிறைய. அங்கே பெருந்தீ மர உச்சிக்கே ஏறி, உச்சிக்கு உச்சி ஓடும். நம் மலைகளில் பெரும்பாலும் தரைத் தீ. சருகும் புல்லும் எரியும், வளர்ந்த மரங்களின் உச்சி பல இடங்களில் தப்பிவிடும். அங்கே செய்த தீக் கூறையும் இங்கே செய்த அணில் கூறையும் ஒன்றாக மாட்டினால் என்ன ஆகும்? தீக் கூறு 'எரிந்தது' என்று ஒரு கட்டத்தைக் குறிக்கும். அணில் கூறு 'எரிந்தது' என்றால் தாவக் கிளை இல்லை என்று எடுத்துக்கொள்ளும். நிரல் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல் ஓடும். அழகான வண்ணப்படமும் வரும். ஆனால் சருகு மட்டும் எரிந்த இடத்தை அணிலுக்கு அடைத்துவிட்டிருப்போம். ராக்கெட்டாவது வெடித்துக் காட்டியது. இந்தத் தவறு சத்தமே போடாது. அதனால் இதுவே அதிக ஆபத்தானது என்பது என் கருத்து. சீட்டில் 'எரிந்தது' என்ற ஒரு சொல்லுக்குப் பதில், 'தரைச் சருகு எரிந்தது' என்றும் 'மர உச்சி எரிந்தது' என்றும் இரு வேறு விளைவுகளாக எழுதியிருந்தால் நூல் நம்பரைப் போல அது இரு தரப்புக்கும் ஒரே பொருள் தரும்.

இன்னொன்று. நம் பத்துக்குப் பத்துத் தாள் செண்பகத்தோப்பைப் பற்றியோ அய்யனார் கோயில் ஆற்றங்கரையைப் பற்றியோ எதுவும் சொல்லாது. பகடைக்கு அந்த மலையைத் தெரியாது. எந்த மாதத்தில் சருகு எவ்வளவு காய்கிறது, எந்த ஓடைக்கரையில் மர உச்சிகள் தொட்டு நிற்கின்றன என்று காட்டில் அளந்த எண்களை உள்ளே கொடுத்தால்தான் பாவனைக்கு மதிப்பு. அளவு தெரியாத இடத்தில் தோன்றிய எண்ணைப் போட்டால், 'இது என் ஊகம்' என்று சீட்டில் எழுதிவிடவேண்டும். அளந்தவர் பின்னால் வந்து அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்வார். முழு நிரலையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

பகிர்ந்துகொள்பவர் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் உருட்டிய பகடையில் விழுந்த எண்கள் உங்கள் நண்பருக்கு விழா. பிறகு உங்கள் கணக்கை அவர் எப்படிச் சரிபார்ப்பார்? கணிப்பொறியின் சமவாய்ப்பு எண்களில் இதற்கு ஒரு வசதி உண்டு. அவை ஒரு தொடக்க எண்ணிலிருந்து விதிப்படி பிறப்பவை. அந்தத் தொடக்க எண்ணை 'விதை' என்கிறார்கள். ஒரே நிரல் பதிப்பில் ஒரே விதையை இட்டால், ராஜபாளையத்திலும் ஆக்லாந்திலும் அதே எண்கள் அதே வரிசையில் விழும். விதையையும் எழுதிக் கொடுத்தால் உங்கள் தீ எந்தக் கட்டத்தில் எப்போது தாவியது என்பதுவரை அவர் மறுபடி பார்க்கலாம். தவறு இருந்தால் கண்டும் சொல்லலாம். ஆனால் ஒரே விதையில் வந்த ஒரே படத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நூறு விதைகளில் ஓட்டி, அணிலுக்கு மிஞ்சிய இடத்தின் சராசரியையும், மிக மோசமான விடையையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

கணிப்பொறி கைக்கு வரும்வரை இதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். நோட்டின் ஒரு பக்கத்தில் தீக் கூறின் சீட்டை எழுதுங்கள்: வாங்குவது எது, கொடுப்பது எது, மாற்றத்தக்க எண் எது, அதன் எல்லை என்ன. உங்களோடு பேசாத ஒருவரிடம் அந்தச் சீட்டை மட்டும் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி உங்களைக் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் சீட்டில் ஒரு வரி குறைகிறது.

பிறகு மூன்றாவது கூறாக மழையைச் சேர்த்துப் பாருங்கள். மழை விழுந்த கட்டத்தில் ஈரம் இருக்கும். ஈரமான கட்டத்துக்கு 1 விழுந்தால் மட்டுமே தீ தாவும். ஆகவே தீக் கூறின் சீட்டில், 'வாங்குவது' என்ற இடத்தில் ஈரப் படம் என்று ஒரு வரி புதிதாய் ஏறும். அணில் கூறின் சீட்டில் ஏதேனும் மாற்ற வேண்டியிருக்கிறதா? நாட்குறிப்பில் ஒரே நாளில் மழையும் தீயும் வந்துவிட்டால் எதை முதலில் நடத்துவீர்கள்? இரண்டு வரிசையிலும் ஆடிப் பாருங்கள். விடைகள் வேறுபடும்.